கைத்தீனி

அவள் தீனி வாளியோடு தொட்டியின் இந்தக் கரையில் நின்றாள். மீன்கள் அத்தனையும் அந்தக் கரையில் போய் மொய்த்துக்கொண்டிருந்தன. அங்கே யாரும் இல்லை.

பண்ணையில் வளரும் மீனுக்குக் காலடி தெரியும். தீனி போடும் ஆள் சிமென்ட் வரப்பில் நடந்தாலே போதும், கூட்டமாக வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவர் நடந்தால் கூடவே நீந்தும், நின்றால் நிற்கும். அவள் புருஷன் இருந்தவரை அப்படித்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேல் நீட்டி, "பயப்படாத, கடிக்காது" என்பான். அவள் கூச்சலிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள்.

ஆற்றின் சொந்த டிரவுட் மீன் அருவிக்கு மேலே ஒரே ஒரு மடுவில்தான் மிஞ்சியிருந்தது. அங்கிருந்து தாய்மீன்களைப் பிடித்துவந்து, முட்டை எடுத்து, இந்தக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தவன் அவன்தான். மூன்றாவது முறை மடுவுக்குப் போனான். வலை மட்டும் மிதந்து வந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை.

அவன் வேலையையும், தொட்டியை ஒட்டிய வீட்டையும் அவளுக்கே கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்குப் பணம் கொடுக்கும் தூண்டில்காரர் சங்கம் வருகிறது. அன்றைக்கு ஒரு சாண் நீள மீன்களை ஆற்றில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் பண்ணைக்குப் பூட்டு. ஐந்து வயது மகளோடு அவள் போய் நிற்க வேறு வாசல் கிடையாது.

இந்த மீன்களோ அவள் போடும் தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டாள், அவன் மாதிரியே சீழ்க்கை அடித்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். போட்ட தீனி ஊறி, உப்பி, அடியில் போய்க் கூழாகக் கிடக்கும். சாயங்காலம் இடுப்பொடிய அதை அள்ளிக் கொட்டுவதும் அவள்தான்.

"செத்தும் என் உயிர வாங்குறியே" என்று தண்ணீரைப் பார்த்தே திட்டினாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

காலையில் மேனேஜர் வந்து பத்து மீனை வலையில் அள்ளி எடை பார்த்தார்.

"சாப்பிடலன்னு சொன்னீங்க? கொழுகொழுன்னு இருக்கே."

"சத்தியமா நான் போட்டது எதையும் தொடல சார்."

"அப்ப காத்தக் குடிச்சா வளருது? வளருதுல்ல, விடுங்கம்மா."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பட்டினி கிடக்கும் மீன் இளைக்க வேண்டும். இளைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. எதிர்க்கரை பாதி அழிந்து, வாய்க்காலிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் பக்கத்தில் யாரோ ஓயாமல் முணுமுணுப்பது போலக் கேட்டுக்கொண்டிருக்க, தீனியின் கருவாட்டு வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை, நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்த துணியுடையது போல, கொஞ்சம் தித்திப்பாக, மெல்ல மேலே வந்தது. அப்போதுதான் அந்தக் கரையில் மொய்த்திருந்த கூட்டம் நகரத் தொடங்கியது.

மெதுவாக. ஓர் ஆள் நடக்கும் வேகத்தில்.

பம்பு அருகே நின்றது. வலது முழங்கால் வலிக்கு அவன் தினமும் அங்கேதான் நின்று மூச்சு வாங்குவான். பிறகு மறுபடி நகர்ந்தது. மூலையில் திரும்பியது. அவள் நின்ற கரையை ஒட்டியே வந்தது. வாளியின் பிடி அவள் உள்ளங்கையில் வழுக்கியது. கூட்டம் அவளைத் தாண்டிப் போனது. வரப்பில் அவளுக்குப் பின்னால் குளிர்ந்த காற்று ஒன்று உரசிக்கொண்டு கடந்தது.

தொட்டியின் கடைசியில், வீட்டுப் படியருகே, மகள் சாக்பீஸால் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் அங்கே போய் நின்றது. குழந்தை அண்ணாந்து, உயரமான ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்து, ஏதோ பேசினாள்.

அவள் ஓடினாள்.

"யார்கூடடி பேசுற?"

"அப்பாகூட. அப்பா மீனுக்குத் தீனி போடுறாரு."

"வாளி எங்கிட்ட இருக்குடி."

"வாளியில இருந்து இல்லம்மா. கையில இருந்து." குழந்தை தன் ஆட்காட்டி விரல் நுனியை மறுகையால் கிள்ளிக் காட்டினாள், ரொட்டியைப் பிய்ப்பது போல. "இப்படிப் பிச்சுப் பிச்சு. தினமும். இப்ப விரலெல்லாம் தீந்துபோச்சு. இனிமே உனக்குச் சொல்லித் தரணுமாம்."

அவள் வாளியைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய்விட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.

தண்ணீர் சலசலத்தது.

மீன்கள் திரும்பின. ஒன்று விடாமல். அவள் காலடிக்கு வந்தன. இத்தனை நாள் கெஞ்சியும் வராதவை.

வாளியை எட்டி உதைத்தாள். தீனி முழுக்கத் தொட்டிக்குள் கொட்டியது. ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தாள். சுவர். இல்லை, சுவர் அங்கே கிடையாது. அவள் முதுகில் பட்டது ஈரமாக இருந்தது.

அவள் வலது மணிக்கட்டை ஏதோ பிடித்தது. இதமாகத்தான் பிடித்தது. பழகிய பிடி. ஆனால் அதில் விரல்களே இல்லை.

கை தானாக முன்னால் போனது. அவள் இழுத்தாள். போனது.

"பயப்படாதேன்னு சொல்றாரும்மா" என்றாள் குழந்தை, காதருகில். "கடிக்காதாம்."

தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த அவள் ஐந்து விரல்களுக்குக் கீழே, தொட்டி நிறைய வாய்கள் திறந்திருந்தன.