ஏழாம் எண் டோக்கன்

மீன் பிடிக்கப் போகிறேன் என்று ஆய்வாளர் அறிவித்தபோது அவர் மனைவி சண்டை போடவில்லை. கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவருடைய எந்த அறிவிப்புக்கும் அவள் குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சாவது விடாமல் இருந்ததில்லை. இந்த முறை, "போலாமே, நானும் கரை வரைக்கும் வரேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் ஒரு பையில் துவாலையும், இஸ்திரி போட்ட சட்டையும், உள்ளாடை முதற்கொண்டு ஒரு முழு மாற்றுத் துணியும் எடுத்து வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"ஏரிக்குப் போனா ஈரமாத்தான வருவீங்க."

ஆய்வாளர் எடை அளவைத் துறையில் இருப்பவர். கடைத்தெருவில் தன் தலை தெரிந்தால் தராசுகள் தாமாக நிமிர்ந்துகொள்ளும் என்று சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். தேநீரில் சர்க்கரை எத்தனை கிராம், குளியலுக்கு எத்தனை நிமிடம், சிரிப்புக்கு எவ்வளவு சத்தம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அளவு உண்டு. தினமும் பல் துலக்கிய கையோடு எடை இயந்திரத்தில் ஏறி நின்று எண்ணை உரக்க வாசிப்பார். வீட்டார் அதைக் கேட்ட பிறகுதான் பொழுது விடிந்ததாக அர்த்தம். அன்று எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

ஏரிக்குக் கூப்பிட்டவன் மச்சினன், மனைவியின் தம்பி. போன வருடம் வரை வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஆள். நீங்கள் மாடி ஏறினேன் என்றால் அவன் மலை ஏறியிருப்பான். ஒருநாள் இதே ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்த் தொப்பலாக நனைந்து திரும்பினான். அன்றிலிருந்து ஆள் தலைகீழ். மெல்லப் பேசினான். பாத்திரம் கழுவினான். எதைச் சொன்னாலும் 'சரி' என்றான். ஏரிக் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஆய்வாளரின் மனைவி அதைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலி எப்போதும் லேசாக நனைந்திருந்ததை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. அப்படி ஒரு தங்கமான மனிதன் கிடைத்தபின் நாற்காலியையா தடவிப் பார்ப்பார்கள்?

ஏரிக்கரையில் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஆணி அடித்த பலகை, ஆணிகளில் எண் போட்ட தகர டோக்கன்கள். படகுக்காரர் தலையைத் தூக்காமலே இரண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஆறு, ஏழு. ஆறு மணிக்குக் கொட்டகைய மூடிருவேன். டோக்கன் திரும்ப ஆணியில ஏறுச்சுன்னா ஆள் வந்தாச்சு. ஏறலன்னா விளக்க எடுத்துக்கிட்டு நானே தேடி வருவேன்."

"ஆளோட முகத்தப் பாக்க மாட்டீரா?"

"ஒரு நாளைக்கு நாப்பது பேரு. முகத்தப் பாத்துக்கிட்டு நின்னா பொழப்பு ஓடுமா சார்?"

ஆய்வாளருக்கு மனம் குளிர்ந்தது. "முறைன்னா இதுதான்யா முறை. முகம் ஏமாத்தும். எண்ணிக்கை ஏமாத்தாது" என்று கொட்டகைக்கே கேட்கும்படி தீர்ப்பளித்தார். மனைவி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையசைத்தாள். அவரைப் பார்த்தல்ல, தம்பியைப் பார்த்து.

மச்சினன் துடுப்பு போட்டான். அவன் சட்டையில் துளி வியர்வை இல்லை.

"நீச்சல் தெரியுமா அத்தான்?"

"மிதத்தல் விதி தெரியும். நீச்சல்ங்கிறது அதோட ஒரு உட்பிரிவுதான்."

"சரி அத்தான்."

ஏரியின் நடுவில், நாணல் சூழ்ந்த ஒரு மரமேடை. மேலே கூரை, மூன்று பக்கம் தட்டி, முன்பக்கம் தூண்டில் போட ஒரு திறப்பு, அவ்வளவுதான். ஆய்வாளர் கால் வைத்ததும் பலகைகள் கிரீச்சென்று முனகின. அவர் நடந்த இடமெல்லாம் முனகின, எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராமுக்கு உரிய மரியாதையோடு. நாணலுக்குள் கறுத்த கம்புகள் சில தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பழக்கதோஷம், எண்ணினார். பதினொன்று. அரைவட்டமாக நின்றன, நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டு. அரைகுறை வேலை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"டோக்கன எங்கிட்ட குடுங்க அத்தான். குனியும்போது தண்ணில விழுந்துரப் போவுது."

நியாயமான பேச்சு. கொடுத்தார்.

நாலரை மணிக்கே வெயில் செத்துப்போனது. தண்ணீரின் மேலிருந்து பனி கிளம்பி, துவைக்காத போர்வையின் வாடையோடு, மேடையின் கால்களைச் சுற்றிக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. நாணலில் ஏதோ பறவை ஒருமுறை கத்திவிட்டு, கத்தியதற்காக வருத்தப்பட்டதுபோல் நிறுத்திக்கொண்டது. பலகைகளுக்கு அடியில் தண்ணீர், யாரோ குனிந்து குடிப்பது போல, நக்கி நக்கிச் சத்தம் போட்டது. ஆய்வாளர் தூண்டிலை வீசினார். நூல் நீரில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

மீன் என்றால் வெட்டி இழுக்கும், சுற்றும், துள்ளும். இது இழுக்கவில்லை. கயிற்றின் மறுமுனையை ஒருவர் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டது போல, பதவிசாகப் பிடித்தது.

"பெரிசா மாட்டிருக்கு போல" என்றான் மச்சினன், அத்தானின் தூண்டில் பெட்டிக்குள் பார்த்தபடி. "நிறுத்துப் பாருங்களேன்."

மீன் பிடிக்க வந்த இடத்துக்கு நூறு கிலோ தொங்குதராசைத் தூக்கி வந்தவர் ஊரிலேயே ஆய்வாளர் ஒருவராகத்தான் இருப்பார். கூரைக் கொக்கியில் அதை மாட்டி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பத்து கிலோவுக்கே அறுந்துவிடும் நூல். முள் இருபதைத் தாண்டியது. நாற்பது. நூல் வீணைத் தந்தி போல விம்மியது. அறுபது. எழுபது.

எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராமில் நின்றது.

அவர் உள்ளங்கை குளிர்ந்தது. பிறகு முழங்கை. ஏதோ ஒன்று, சட்டையைக் கழற்றுவதுபோல அவரிடமிருந்து கழன்று, நூல் வழியே கீழே இறங்கிப் போனது. நூல் தொய்ந்தது. முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"சரியா இருக்கா அத்தான்?"

அவன் வியப்போடு கேட்கவில்லை. கடையில் பொருள் வாங்குபவன் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இது... இது என்னடா?"

"இருங்க, படகுல வேற இரை இருக்கு. எடுத்தாரேன்."

மேடையின் பின்பக்கம் படகு ஆடும் சத்தம். யாரோ தண்ணீரிலிருந்து ஏறிய சத்தம். நீர் சொட்டியது. துடுப்பு ஒருமுறை. இன்னொரு முறை. ஆய்வாளர் தட்டியைச் சுற்றி ஓடிப் பார்ப்பதற்குள் படகு இருபது அடி போய்விட்டது.

அதில் இரண்டு பேர்.

மச்சினன் துடுப்பு போட்டான். எதிரே, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீல நிறக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காலரின் இடப்பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. இருபத்து மூன்று வருடமாக மனைவி எடுத்துவிட எடுத்துவிட மடங்கும் அதே காலர்.

"டேய்! திருப்புடா! படகத் திருப்பு!"

யாரும் திரும்பவில்லை. படகு மட்டும் பாரத்தில் நன்றாக அமிழ்ந்து போயிற்று.

தண்ணீர் மேல் பேச்சு நன்றாகக் கேட்கும். கரையில் கொட்டகை விளக்கு மஞ்சளாக எரிந்தது. படகு கரை தட்டியதும் பெஞ்சிலிருந்து அவள் எழுந்து ஓடிவந்தாள். துவாலையை விரித்தாள். தலையைத் துவட்டினாள், முகத்தைத் துவட்டினாள். காலரை எடுத்துவிட்டாள். அது மடங்காமல் நின்றது.

"ரொம்ப நன்றிம்மா" என்றது ஒரு குரல். ஆய்வாளரின் சொந்தக் குரல். வாழ்நாளில் அந்த வார்த்தையை அது சொன்னதில்லை.

அவள் சிரித்தாள். அவர் வீட்டில் அந்த அளவில் ஒரு சிரிப்பு கேட்டதே இல்லை.

"நான் இங்க இருக்கேன்! அது நானில்ல! ஏய்! இங்க பாரு!"

"யாரோ கத்துற மாதிரி இல்ல?" படகுக்காரரின் குரல்.

கரையிலிருந்து அவள் மேடையைப் பார்த்தாள். பனியைத் தாண்டி, நேராக, அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். கண்டிப்பாகப் பார்த்தாள்.

"நீர்க்கோழிங்க" என்றாள். "பொழுது சாஞ்சா இப்படித்தான் கத்தும்."

"இந்தாங்க. ஆறு, ஏழு" என்றான் தம்பி.

தகரம் ஆணியில் உரசியது. ஒருமுறை. மறுமுறை.

"ரெண்டு போச்சு, ரெண்டு வந்துச்சு. மூடிரலாம்."

விளக்கு அணைந்தது.

ஆய்வாளர் மேடையின் இந்தக் கோடிக்கு ஓடினார். அந்தக் கோடிக்கு ஓடினார். பாதி வழியில்தான் உறைத்தது. பலகைகள் முனகவில்லை. காலை ஓங்கி உதைத்தார். சத்தமில்லை. குதித்தார். சத்தமில்லை. தொங்குதராசின் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார்.

முள் அசையவில்லை.

நாணல் சலசலத்தது. காற்றில்லை.

கம்புகள் திரும்பின.

பதினொன்றும். மெதுவாக. ஒரு சாண் உயரம்: நெற்றி, கண், மூக்கு. அதற்குக் கீழே தண்ணீர். பாசி பிடித்த முடி. இமைக்காத கண்கள். எல்லாம் அவரைப் பார்த்தன. இடைவெளிக்குப் பக்கத்தில் இருந்தது கொஞ்சம் மேலே எழும்பி, வாயைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவந்தது. கொப்பளித்துத் துப்பியது.

"அத்தான்!"

பழைய குரல். மாடியைக் கேட்டால் மலையைச் சொல்லும் குரல்.

"நான் ஒரு வருஷமா நிக்கிறேன் அத்தான், சாதாரணமா? வேற எவனா இருந்தா என்னிக்கோ அடியில போயிருப்பான். வாங்க. எனக்குப் பக்கத்துலதான் உங்க இடம். அக்கா முன்னாடியே இங்க வந்து உங்களுக்குன்னு கேட்டு வச்சுட்டாளே."

இடைவெளியில் தண்ணீர் குழியத் தொடங்கியது. வட்டமாக, ஓசையில்லாமல், ஒருவர் நிற்கும் அளவுக்கு. சரியான அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.