கொடுத்தவளின் வயிற்றுவலி

விடிந்தும் விடியாததுமாக மாமியார் கூடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஜன்னலிலிருந்து சமையலறை வாசல்வரை, திரும்ப ஜன்னல்வரை. ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இப்படி நடந்து நடந்து தரையில் பளபளவென்று ஒரு பாதையே விழுந்துவிட்டது. அதில் எறும்புகள் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நடையில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும், உள்ளறைக் கட்டிலில் சுருண்டு கிடக்கும் மூத்த மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை விடலாம்.

“வாங்கினவ நடக்கிறேன்... குடுத்தவ படுத்துக் கெடக்கா! இந்த அதிசயத்தை யாராவது பாத்திருக்கீங்களா?”

கொடுத்தது சிறுநீரகம். மாமியாருக்கு இரண்டும் பழுதானபோது, பெற்ற பிள்ளைகள் இருவருடையதும் பொருந்தவில்லை. சண்டையைத் தவிர வேறெதிலும் பொருந்தாத மூத்த மருமகளுடையது பொருந்தியது. அவள் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து வலி. இடப்பக்கம் திரும்பினால் குத்தும், குனிந்தால் கிள்ளும். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். “தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும்” என்று வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அவள் வலிக்குப் பெயர் நடிப்பு.

வலியோடுதான் திரும்ப வேலைக்கும் போனாள். கடிகாரத்துக்குப் பித்தளைத் திருகாணி செய்யும் தொழிற்சாலை. திருட்டு மிகுந்துவிட்டதென்று முந்தின நாள்தான் அங்கே வாசலில் உலோகம் கண்டால் கத்தும் கதவுச் சட்டம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மாலையில் எல்லோரும் அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். இவள் நுழைந்ததும் அது ஊரைக் கூட்டியது. வளையலைக் கழற்றினாள். ஹேர்பின்னைப் பிடுங்கினாள். செருப்பை விட்டாள். காவல்காரம்மாள் முடியை அவிழ்த்து உதறிப் பார்த்தாள். ஒரு திருகாணிகூட இல்லை. சட்டம் மட்டும் கத்தலை நிறுத்தவில்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

“படுத்துக் கெடந்தது போதாதுன்னு இப்ப திருடிப் பட்டமும் வாங்கிட்டு வந்துட்டா!” மாமியார் அடுத்த சுற்றில் சொன்னாள்.

மூத்தவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“ஏங்க... நீங்களாவது சொல்லுங்க. நான் திருடியிருப்பேனா?”

கணவன் பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் பஸ்ஸைக் கொண்டுபோய்விடுவான்; அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில்தான் வண்டி நின்றுவிடும்.

“மெஷின் பொய் சொல்லுமா... நான் கேக்கல, ஊரு கேக்குது” என்றான் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

“சரி. மெஷின்தானே சொல்லணும்? இன்னொரு மெஷின் சொல்லட்டும்.”

யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், அடுத்த தெரு எக்ஸ்ரே கடைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனாள். படம் எடுத்தவன் அதை வெளிச்சத்தில் பிடித்தான். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். படத்திலும் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. இரண்டு வளையம், நீளமாக இரண்டு கால். வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு அவனையே பார்ப்பது போலிருந்தது.

“அம்மா... இது ஆபரேஷன்ல ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கி. உள்ளயே விட்டுட்டாங்க!”

அவள் அழவில்லை. “அப்ப நான் நடிக்கல” என்றாள். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு முறையும் சொன்னாள்.

செய்தி கேட்டதும் குதித்தவன் கொழுந்தன். எதற்கெடுத்தாலும் ‘கேஸ் போடுவேன்’ என்பான் என்பதால் தெருவில் அவனுக்குக் கேஸ் என்றே பெயர். நாய் குரைத்ததற்கும் மழை பெய்யாததற்கும் கேஸ் போடக் கிளம்பியவன், ஒருமுறையும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.

“வாங்க அண்ணி, இதுக்குத்தான் இத்தனை வருஷமாக் காத்திருந்தேன்!”

அவன் கூட்டிப்போன வக்கீலம்மாளுக்குக் கடும் ஜலதோஷம். அவர் ஒரு தும்மல் போட்டால் அலமாரிச் சட்டப் புத்தகமெல்லாம் ஒரு பக்கம் புரளும். காரியத்தைத் தடுப்பதற்கென்றே கூட வந்திருந்த மாமியார் முந்திக்கொண்டாள்.

“வயித்துல இடுக்கி இருந்தா கேஸ்னா, என் கன்னம் வீங்கிக் கெடக்கே, அதுக்கும்தான் போடணும். போடுவீங்களா?”

“அம்மா, அது மாத்திரையால வந்தது. வச்ச சிறுநீரகத்தை உடம்பு தள்ளிடாம இருக்கிறதுக்கான மாத்திரை. வீங்கும்னு முன்னாடியே சொன்னாங்களா?”

“...சொன்னாங்க.”

“அது இல்லாம முடியுமா?”

“முடியாதுன்னாங்க.”

“அப்ப அது யார் தப்பும் இல்ல. வைத்தியம் நாம நெனச்ச மாதிரி முடியலைங்கறதுக்காக மட்டும் கேஸ் நிக்காது. மூணு விஷயம் வேணும். கவனமான ஒரு டாக்டர் செய்யாத தப்பை இவங்க செஞ்சிருக்கணும். நமக்குப் பாதிப்பு வந்திருக்கணும். அந்தத் தப்பாலதான் அந்தப் பாதிப்புன்னு காட்ட முடியணும்.” ஒரு தும்மல். “தைக்கிறதுக்கு முன்னாடி, உள்ள போன சாமானெல்லாம் வெளிய வந்துதான்னு எண்ணியே ஆகணும். இங்க எண்ணல, இல்ல எண்ணிட்டும் சும்மா இருந்துட்டாங்க. வலியும் வந்துச்சு, வேலையும் போச்சு. மூணும் இருக்கு.”

“இப்பவே கேஸ் போட்டுருவோமா?” என்றான் கேஸ்.

“இருப்பா. மொதல்ல உடம்பு. வேற ஆஸ்பத்திரில அதை எடுங்க. எடுத்த சாமானைத் தூக்கிப் போடாம பத்திரமா வாங்கி வைக்கச் சொல்லுங்க. சிகிச்சை பத்தின காகிதமெல்லாம் நகல் கேளுங்க. இன்னொரு சர்ஜன் பாத்து அபிப்பிராயம் எழுதணும். ரொம்ப நாள் தள்ளாதீங்க, கேஸ் போடக் கெடு உண்டு. முக்கியமா, எங்கிட்டக் காட்டாம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.” பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். “சரி, உனக்கு என்னம்மா வேணும்?”

“நான் நடிக்கல, திருடலன்னு... அவங்க வாயால சொல்லணும் மேடம்.”

வக்கீலைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது கண் மாமியார் மேல் இருந்தது.

வீடு வந்து சேரும்வரை மாமியார் புலம்பினாள். “அந்த டாக்டரு எனக்கு உசுரு குடுத்த சாமிடி! அவரு மேல கேஸு போட்டா நாளைக்கு என்னை யாரு பாப்பா? ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால பிடுங்கப் பாக்கிறியா?”

அந்தக் கேள்வி மூத்தவளின் வயிற்றில் இடுக்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை பழக்கூடையோடு ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார். நகல் கேட்டுப் போன கேஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கமாட்டானே! மேனேஜர் முகத்தில் தையல் போட்டது போல ஒரு சிரிப்பு, பேசினாலும் பிரியவில்லை.

“அது ரத்தக்குழாயில போடுற சின்னக் கிளிப்புங்க. சிறுநீரகம் குடுத்த எல்லார் உள்ளயும் இருக்கும்.”

“கிளிப்புல விரலு நொழையிற மாதிரி ரெண்டு வளையம் எதுக்கு சார்? உள்ள இருந்து யாராவது பிடிச்சுக்கவா?” என்றான் கேஸ். பிறந்ததிலிருந்து அவன் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

மேனேஜர் காகிதத்தை நீட்டினார். “சரி, எதுவா இருந்தாலும் நாங்களே இலவசமா எடுத்துடுறோம். இனிமே எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு ஒரு கையெழுத்து. கேஸ் அது இதுன்னு போனா... பெரியவங்க மாசாமாசம் பரிசோதனைக்கு வேற எடம் பாக்கணும். டாக்டர் மனசுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க.”

கூடத்தில் நடந்துகொண்டிருந்த மாமியாரின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“வக்கீலம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றான் கணவன் மெதுவாக.

“இருக்குங்க.” மூத்தவள் பேனாவை வாங்கினாள். “அத்தைக்கு வைத்தியம் நிக்கக் கூடாது. ஒண்ணு குடுத்தாச்சு... இதையும் குடுத்ததா இருக்கட்டும். நான் நடிச்சதாவே போகட்டும்!”

காலடிச் சத்தம் நின்றது. அந்த வீட்டில் பகலில் அது நின்று யாரும் கேட்டதில்லை. மாமியார் தன் பாதையை விட்டு விலகி வந்து, பேனாவைப் பிடுங்கினாள்.

“ஏய்... போதும்டி! இன்னும் எத்தனைதான் குடுப்ப? என்னால தாங்க முடியல!”

“அத்தை...”

“நீ ‘அம்மா’ன்னு முனகுறப்பல்லாம், குடுத்ததைத் திருப்பிக் கேக்குற மாதிரியே இருக்கும்டி எனக்கு! எதை வச்சுத் திருப்பிக் குடுப்பேன்? அதான் நடிக்கிறா, நடிக்கிறான்னு கத்தினேன்... நீ நடிக்கிறேன்னா நான் கடன்காரி இல்ல பாரு! பாவி நான்... இத்தனை நாளும் உன் உசுருல நடந்துக்கிட்டு, உன்னையே மிதிச்சிருக்கேன்!”

அவள் அழுதாள். வீங்கிய கன்னத்தில் கண்ணீர் வழிய வழி தெரியாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. மூத்தவள் அந்தக் கன்னத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். டிரைவர் இருவரையும் பார்த்தான், பழக்கூடையை எடுத்தான், மேனேஜர் கையில் திணித்து, வாசல்வரை ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

வேறு ஆஸ்பத்திரியில் இடுக்கியை எடுத்தார்கள். எடுத்த சர்ஜன் எழுதியும் கொடுத்தார். மாமியாரும் பரிசோதனைக்கு அங்கேயே மாறினாள். வேறு டாக்டர் பார்த்தாலும் சிறுநீரகம் கோபித்துக்கொள்ளவில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பழைய ஆஸ்பத்திரி கிளிப்பு என்று பதில் எழுதியது. படத்தைக் கண்டதும் தவறு நேர்ந்தது என்று எழுதியது. எவ்வளவு தவறு என்பதில் வழக்கு இன்னும் நடக்கிறது. நாளாகும் என்கிறார் வக்கீலம்மாள். நாளாகட்டும் என்கிறாள் மூத்தவள்.

சர்ஜன் எழுதியதைப் பார்த்த தொழிற்சாலையில், தழும்பு ஆறியதும் திரும்ப வரச் சொன்னார்கள். முதல் நாள் மாமியாரும் கூடவே கிளம்பினாள், கையில் மருமகளுக்கு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவோடு. வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்துக்குள் நுழைந்தாள்.

சத்தமே இல்லை.

காவல்காரம்மாள் தலை குனிந்து, “மன்னிச்சுக்கம்மா... உன் முடியை அவுத்தவ நான்” என்றாள்.

அதற்குள் மாமியார் டப்பாவோடு பின்னாலேயே நுழைந்துவிட, சட்டம் ஊரைக் கூட்டியது.

“அம்மா, நில்லுங்க! உள்ள என்ன வச்சிருக்கீங்க?”

“டப்பால சோறுதான் இருக்கு. அடுத்தவ சாமான் இங்க இருக்கு.” மாமியார் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். “இந்தா நிக்கிறாளே, இவளோடது. திருப்பிக் குடுக்க முடியாது... வேணும்னா என் மேல ஒரு கேஸ் போடச் சொல்லு!”

மூத்தவள் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள், எங்கும் குத்தவில்லை.