மூச்சுக்குறி இல்லாத பக்கங்கள்

பக்கத்து அறையில் புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டிருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாளை மேடை, சின்னவள் ஒத்திகை பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இருபது வருடமாக அந்தக் குழலைக் கேட்டுப் பழகிய பெரியவளின் காதுக்கு, ஜன்னலில் தட்டும் மதிய மழைக்கும் கணினிக்குள் சுற்றும் விசிறியின் இரைச்சலுக்கும் நடுவே, ஏதோ ஒன்று குறைந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தங்கை மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கவில்லை.

வரிக்கு வரி அவள் காற்றை உள்ளே இழுப்பது சுவர் தாண்டிக் கேட்கும். மூன்று மாதம் முன்பு நுரையீரலில் நீர் கோத்துப் படுத்து எழுந்த பிறகு இன்னும் பலமாகவே கேட்கும். அது கேட்கிற வரைக்கும் தங்கை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நிம்மதியில்தான் பெரியவளுக்கு வேலையே ஓடும்.

கையெழுத்து இசைத்தாள்களைக் கணினியில் ஏற்றிப் பக்கம் பக்கமாக அடுக்கித் தருவது அவள் வேலை. இந்த முறை வந்தது, போன வருடம் இறந்துபோன ஒரு இசையமைப்பாளரின் கடைசிப் படைப்பு; நாளை மேடையில் சின்னவள் வாசிக்கப்போவதும் அதைத்தான். அவர் தன் கையால் வரைந்த இசைக்குறிகளின் தொகுப்பும் கூடவே வந்திருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு கட்டளை: 'குறி இட்ட இடத்தில் மட்டும் மூச்சு.'

காலையில் அதைப் படித்துவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

"மனுஷன் பொல்லாதவரா இருந்திருப்பார் போலிருக்கே," என்றாள் பெரியவள்.

"நீ குறி போட்டாத்தான் மூச்சே விடுவேன் அக்கா. போதுமா?"

"போடி. போய் வாசி."

பெரியவளுக்குச் சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. சமையலறை டப்பாக்களைப் போலவே குறித் தொகுப்பும் துடைத்து வைத்ததாக இருக்க வேண்டும். மதியம் அதில் ஒரே மாதிரி இரண்டு மூச்சுக்குறிகள் கண்ணில் பட்டன, கால்புள்ளி போன்ற சின்னச் சுழிகள். ஒன்று மென்பொருளோடு வந்தது, இன்னொன்று அவர் வரைந்தது. இரண்டு எதற்கு என்று அவருடையதை நீக்கப் போனாள். '212 இடங்களில் பயன்பாட்டில் உள்ளது. நீக்கவா?' என்று திரை கேட்டது. அந்த இடங்களெல்லாம் மற்ற குறிக்குத் தானாக மாறிக்கொள்ளும் என்ற நினைப்பில் ஆம் என்றாள். அப்படியே தங்கையின் டேப்லெட்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

இப்போது பக்கங்களைப் புரட்டினாள். பன்னிரண்டு பக்கத்திலும் ஒரு மூச்சுக்குறிகூட இல்லை.

அனுப்பிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

"ஏய், போதும். நிறுத்து," என்று குரல் கொடுத்தாள்.

மூச்சுக்கு முந்நூறு தடவை அக்கா, அக்கா என்பவளிடமிருந்து பதில் இல்லை. குழல் ஒலித்தது.

முதல் பக்கத்தில் ஒரு சுழியை வைத்தாள். இங்கே வைப்பது உடனே டேப்லெட்டிலும் தெரியும். ஆனால் திரையோரத்துப் பக்க வரிசையில் முதல் பக்கம் நழுவிக் கடைசிக்குப் போயிற்று. இழுத்து முன்னால் போட்டாள். திரும்பவும் போயிற்று. தங்கை வாசித்துக்கொண்டிருந்தது எட்டாம் பக்கம், அதில் வைத்தாள். எட்டும் போயிற்று. குறி விழுந்த பக்கமெல்லாம் பின்னால். அவற்றுக்கு முன்னால் புதிய பக்கங்கள் முளைத்தன. பதினெட்டு. முப்பது. நாற்பத்தொன்று.

ஓடினாள்.

சின்னவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் மட்டும் அக்காவின் பக்கம் திரும்பின. கண்ணீர் வழிந்து குழலில் சொட்டியது. விரல்கள் நிற்கவில்லை.

"என்னைப் பாரு. மூச்சு விடு. நான் சொல்றேன், விடுடி."

மார்பு அசையவில்லை.

பெரியவள் குழலைப் பிடுங்கினாள். வந்துவிட்டது. சில்லென்று அவள் கையில் கிடந்தது.

தங்கையின் விரல்கள் வெறும் காற்றில் ஏறி இறங்கின. குவிந்த உதட்டிலிருந்து அதே இசை அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. எதிரே டேப்லெட்டில் பக்கம் தானாகப் புரண்டது. அதிலும் குறி இல்லை.