இடது உள்ளங்கை

உதயா தீவிலிருந்த புரோத்ராபூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. தகரக் கூரையை மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடங்களாக அவள் படிப்பது மூளையை. கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன, சிலருக்கு அவை ஏன் சீக்கிரமே பட்டுப்போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஊரார் மூளையையெல்லாம் அலசியவளுக்குச் சொந்த அப்பாவின் மூளை கரைவது கடைசியாகத்தான் தெரிந்தது.

அப்பா பெரியதம்பிக்கு வயது ஐம்பத்து நாலு. அவருடைய தந்தையும் இதே வயதில்தான் எல்லாவற்றையும் மறந்து செத்துப்போனார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய். உதயா தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. வகுப்பில் மற்றவர்களுக்கு அழகாக விளக்குவாள். தன் விஷயத்தில் அவள் படு கோழை.

"வந்துட்டியாம்மா?" அம்மா விஜயகுமாரியின் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு மாசமா என்னையே யாருன்னு கேக்குறாரு. நாளைக்கு ஜஹாஜ் இருக்கு. அவரக் கூட்டிக்கிட்டு கப்பலேறி மெயின்லேண்டு போயிடலாம். இந்த வீட்ல இனி முடியாது."

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"நீயே உள்ள போய்ப் பாரு."

அறைக்குள் கடல் வாடை அடித்தது. கடல் அந்த வீட்டிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம்.

அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். உதயா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். பிறந்த குழந்தையின் உள்ளங்கையை விரலால் வருடினால் அது பட்டென்று பற்றிக்கொள்ளும். மூளை வளர வளர, ஆறு மாதத்துக்குள் அந்தப் பிடி போய்விடும். மூளை அழியத் தொடங்கினால் திரும்பி வரும். வந்துவிட்டால் நோயாளியால் அதைத் தானாக விட முடியாது.

வலது உள்ளங்கையை மெல்ல வருடினாள். அப்பாவின் கை அவள் விரலை இறுகப் பற்றியது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அழுகை வந்தது.

அப்போதுதான் மறுகையைப் பார்த்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

அதுவும் மூடிக்கொண்டது.

தன் விரலை உருவிக்கொண்டு சுற்றி வந்தாள். இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பின்வாங்கி நின்றாள். தரையில் சின்னதாக ஈரம். கூரை ஒழுகல் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளங்கைத் தோல் லேசாக அமுங்கியது. சுண்டுவிரல் பக்கமிருந்து கட்டைவிரல் வரை ஒரு சிறு பள்ளம் ஊர்ந்து போனது.

விரல்கள் மூடின.

தொடாமல் அந்தக் கை மூடாது. அதை அவள் நன்றாகப் படித்திருந்தாள்.

"ராணி," என்றார் அப்பா.

இருபது வருடங்களுக்கு முன், கச்சால் தீவின் ரப்பர் தோட்டக் குடியிருப்புக்குள் கடல் ஏறி வந்த காலையில், அவர் வலது கையில் ஐந்து வயது உதயாவையும் இடது கையில் அவள் தங்கை, மூன்று வயது ராணியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் வடிந்தபோது வலது கையில் மட்டும் பிள்ளை இருந்தது. அதன்பின் இடது கையால் அவர் யாரையும் தொட்டதில்லை.

"தெனம் வர்றா," வாசலில் நின்று அம்மா கிசுகிசுத்தாள். "நான் கூப்ட்டா வர மாட்டேங்குறா. அவரத்தான் இழுக்குறா."

அப்பாவின் இடது தோள் கட்டில் விளிம்பைத் தாண்டி நகர்ந்தது.

உதயா பாய்ந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள். அது அவளை இறுகப் பற்றிக்கொண்டது. "விடு ராணி! அப்பாவ விட்ரு!"

அப்பா திரும்பினார். இரண்டு மாதமாக யாரையும் தெரியாத கண்கள் அவளைத் தெளிவாகப் பார்த்தன.

"ஒன்னய அன்னிக்கே புடிச்சுட்டேன்மா. இந்த வாட்டி அவள விடமாட்டேன்."

விட முடியாத அந்த வலது கை, ஒவ்வொரு விரலாகத் திறந்தது.

அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். இடது கையைக் கடைசிவரை யாராலும் திறக்க முடியவில்லை. அப்படியே எரித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மாவோடு கப்பலேறினாள் உதயா. சுள்ளென்ற நடுப்பகல். அம்மா உள்ளே படுத்திருந்தாள். மேல்தளத்தில் இவள் மட்டும் நின்றாள், இடது கையைத் தொங்கவிட்டபடி.

சில்லென்று ஏதோ உள்ளங்கையை வருடியது. சுண்டுவிரல் பக்கமிருந்து கட்டைவிரல் வரை.

அவள் விரல்கள் மூடிக்கொண்டன.

திறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நல்ல மூளையுள்ள எந்தப் பெரியவருக்கும் அந்தப் பிடி வராது. அப்படியானால் தனக்கும் தொடங்கிவிட்டதா? இருபத்தைந்து வயதிலா? வந்திருப்பது பேயாகவே இருக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டிக்கொண்டாள்.

"ராணி?"

இடது கை கடல் பக்கமாக வெடுக்கென்று இழுபட்டது.

"அப்பாடா, நீதான்," என்று முணுமுணுத்தவள், வலது கையால் தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.