யாருமில்லை, சரி

குராமோச்சி வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவருடைய குரல் வந்துவிட்டது.

"யாருமில்லை, சரி!"

ரயிலின் கடைசிப் பெட்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வெள்ளைக் கையுறை போட்ட சுட்டுவிரலை நடைமேடை நெடுக நீட்டி, கதவோரம் ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்து, பார்த்ததை வாயால் உரக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் டிரைவருக்கு மணி அடிக்க வேண்டும். முப்பத்தோரு வருட கார்டு வேலையில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பார். விரல் நீளும், குரல் வரும். இன்று குரல் முந்திக்கொண்டது. கை இன்னும் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

மலையின் எதிரொலி என்று சொல்லிக்கொண்டு மணியை அடித்தார். எதிரொலி பின்னால்தான் வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் மனுஷன் கெட்டிக்காரர்.

"என்னண்ணே," உள்தொலைபேசியில் டிரைவர் தொகாஷி சிரித்தான். "பொண்ணு வந்திருக்குன்னு தொண்டை கணீர்னு இருக்கு? இங்க முன்னால வரைக்கும் கேக்குது!"

மகள் சிஹோ ஒசாகாவில் நர்ஸ். மேப்பிள் இலை சிவக்கும் இந்த இரண்டு வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவின் வண்டியில் போக வேண்டும் என்று லீவு போட்டு வந்திருந்தாள். மனைவி போன பிறகு அவருக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள். கார்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கஷ்கொட்டைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க விரலை நீட்டிக் கத்துறதைப் பாத்தா சிரிப்பு வருதுப்பா. அங்க யாருமே இல்லையே, யார்கிட்ட சொல்றீங்க?"

"எனக்கு நானே சொல்லிக்கறதுதான். சாப்பிடு, ஆறிடும். அப்புறம், ஓமிசாவா ஸ்டேஷன்ல மட்டும் எறங்காத."

"அங்கதானே இலை நல்லா இருக்கும்னு சொல்றாங்க?"

"எறங்காதன்னா எறங்காத."

போன நவம்பரில் அந்த ஓமிசாவாவில்தான் நடந்தது. இலை பார்க்க வந்த கூட்டத்தால் வண்டி மூன்று நிமிடம் தாமதம். குராமோச்சி கதவை மூடினார், விரலை நீட்டினார், "யாருமில்லை, சரி" என்றார். கண் மட்டும் கைக்கடிகாரத்தில் இருந்தது. அவருக்கு இரண்டு கை தூரத்தில், கடைசிக் கதவில், மிட்சுயோ என்ற பெண்ணின் கடுகு நிறச் சால்வை சிக்கியிருந்தது. நடைமேடை முடியும்வரை அவள் வண்டியோடு ஓடினாள். அப்புறம் நடைமேடை முடிந்தது.

விசாரணையில், விரல் நீட்டிச் சொன்னேன் என்றார். சொன்னது கேட்டது என்றான் தொகாஷி. இரண்டுமே உண்மை. சொன்னவர் பார்க்காமலா சொல்லியிருப்பார் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அவள்தான் ஓடும் வண்டியில் தொற்றி ஏறப் பார்த்தாள் என்று எழுதி முடித்தார்கள். அவள் புருஷன் மூன்று முறை வீட்டு வாசலுக்கு வந்தான். "அவ மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." குராமோச்சி இடுப்பு வளையக் குனிந்தார். அவன் போகும்வரை நிமிரவில்லை. பாவி, வாயையும் திறக்கவில்லை.

மூன்றரை மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் சிவப்பெல்லாம் மெல்லக் கறுத்து, ஆற்றுச் சத்தம் மட்டும் பெரிதாகி, மூடிய ஜன்னல் வழியாக எப்படியோ ஈரச் சருகின் வாசனையும் அதற்கடியில் நனைந்த கம்பளித் துணியின் வாசனையும் அறைக்குள் வந்து, அவர் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தார். சுவரும் அவருடைய தொப்பியும்தான்.

வண்டி மலைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. உள்தொலைபேசி கரகரத்தது.

"தொகாஷி?"

மூச்சிரைக்கும் சத்தம். வெகுதூரம் ஓடி வந்தவளின் மூச்சு.

"மைக்கை எடுங்க," என்றது பெண் குரல். "பாக்காமத்தான் சொன்னேன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். உங்க பொண்ணும் கேக்கட்டும். அதோட விட்டுடறேன்."

மைக்கை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஹோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெருமையாக. அந்த முகம் மாறிவிடுமே என்ற ஒரே பயம்.

"பயணிகள் கவனத்துக்கு," என்றார். "சுரங்கப்பாதையைத் தாண்டியதும் இடது பக்கம்... மேப்பிள் மரங்களைக் காணலாம்."

உள்தொலைபேசியில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"சரி."

ஓமிசாவா. கதவுகள் திறந்தன. நடைமேடை முழுக்கச் சிவப்புச் சருகு. இறங்கியவர்கள் படம் எடுத்தார்கள், ஏறினார்கள். குராமோச்சி கண்ணாடி வழியாகப் பார்த்தார். மகளின் இருக்கை காலி. பாதி தின்ற சோறு மட்டும் இருந்தது.

"சிஹோ!"

"இங்கதாம்பா!" நடைமேடையிலிருந்து கை ஆட்டினாள். "கோவிச்சுக்காதீங்க. இந்த அக்கா ஒரே ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாங்க. இதோ ஏறிடுறேன்!"

அவளுக்கு அருகே கடுகு நிறச் சால்வை. முகம் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏறு! ஏறும்மா!"

சிஹோ ஓடி வந்தாள். கடைசிக் கதவு. கையை உள்ளே வைத்தாள். குராமோச்சியின் இடது கை, அவர் கேட்காமலேயே, கதவுப் பொத்தானை அழுத்தியது.

அவள் கோட்டின் கை சிக்கியது. மணிக்கட்டோடு.

"அப்பா?"

திறக்கப் பார்த்தார். விரல் அசையவில்லை. அவசர பிரேக் தலைக்கு மேலேதான். கை எழவில்லை. குளிர்ந்த ஏதோ ஒன்று அதைப் பிடித்திருந்தது. வலது கை தானாக உயர்ந்தது. சுட்டுவிரல் நீண்டது. கண்ணை மூடப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. தொண்டைக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"யாருமில்லை, சரி!"

கணீரென்று. மணி அடித்தது. முன்னால் தொகாஷி வண்டியை எடுத்தான்.

சிஹோ நடந்தாள். வேகமாக நடந்தாள். ஓடினாள். "அப்பா, நிறுத்துங்க! அப்பா!" அவளுக்குப் பின்னால் சால்வைக்காரி, அவசரமே இல்லாமல், ஆனால் கொஞ்சமும் பின்தங்காமல் வந்தாள். அவள் சிஹோவைப் பார்க்கவே இல்லை. குராமோச்சியின் கண் எங்கே இருக்கிறது என்பதையே பார்த்தாள்.

பார்த்தார். ஒவ்வோர் அடியையும் பார்த்தார். வாய் கத்திக்கொண்டே இருந்தது. சரி. சரி. சரி.

சிஹோ இன்னொரு கையை எட்டி, ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த அப்பாவின் விரலைப் பிடித்துவிட்டாள்.

"கையைப் புடிங்கப்பா!"

விரல் மடங்கவில்லை. நடைமேடை முடியும் இடம் வந்துகொண்டிருந்தது.