நிதானப் பூட்டு

தாளவாடி மலையில் இப்போதெல்லாம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தோடு, நாடி ஓட்டத்தைக் கோடாகக் காட்டும் கோட்டுத்தாளையும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் கோடு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்ல குடும்பம். கோபக்காரன் என்று பெயரெடுத்தவனின் கோடு ரம்பப்பல் போல ஏறி இறங்கும். அவனுக்குத் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி இல்லாதவன் சோளக்காட்டில் பன்றி விட்டுவைத்ததுதான் விளைச்சல்.

எல்லாம் துப்பாக்கிகளில் நிதானப் பூட்டு வந்த பிறகு. குறிநோக்கியில் கண்ணை வைத்ததும் அது கண்மணி விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்க்கும். துப்பாக்கிக் கட்டையின் மேல் ஒட்டியிருக்கும் கன்னமெத்தை நாடியைக் கேட்கும். ஆள் நிதானமாக இருந்தால் குறுக்குக்கம்பிகள் சேரும் இடத்தில் ஒரு நீலப்புள்ளி தோன்றும், விசை இளகும். கோபமோ பயமோ இருந்தால் புள்ளி வராது. விசை கல்லாக நின்றுவிடும். வரப்புத் தகராறில் அண்ணனைத் தம்பி சுடுவது, குடித்துவிட்டு வந்து மனைவி மேல் துப்பாக்கியைத் தூக்குவது எல்லாம் நின்று போயின. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தாரணிக்கும் வரவில்லை. போன சோளப் பருவத்தில் அவள் காவல் பரண் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தபோது, கீழே வேலியைச் சரிசெய்து கொண்டிருந்த அவள் கணவன் நவநீதனை ஒற்றைப் பன்றி ஒன்று குத்திக் கிழித்தது. குறிநோக்கிக்குள் அதை முழுக்கப் பார்த்தாள். புள்ளி வரவில்லை. விசையை இரண்டு கை விரல்களாலும் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் துப்பாக்கியைத் தூக்கி எறிந்தாள். குறிநோக்கி பாறையில் பட்டு உடைந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி உடைந்த கருவியைப் பரிசோதித்துவிட்டு, அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றார். தாரணி தலையாட்டினாள். அவர் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மகள் சொன்னால்தான் தெரியும். மறுபடியும் சோளம் பால் பிடித்தபோது, புதுக் குறிநோக்கி வாங்க மகளோடு சத்தியமங்கலத்துக்கு இறங்கினாள். மகள் அதிராவுக்கு வயது பத்தொன்பது. அவளுக்குத் துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டிருந்தது. அவள் கோடு அவளைப் போலவே குதிக்கும்.

கடைக்காரன் லோகநாதன் வாய் ஓயாதவன்.

"வாங்கக்கா. வா அம்மிணி. எத்தனை மடங்கு பாக்கறீங்க?"

"பெருசா குடுங்கண்ணா, பத்து மடங்கு," என்றாள் அதிரா.

"பத்து மடங்கு வெச்சா பன்னியோட ரோமந்தான் தெரியும், பன்னி தெரியாது. அந்தப் பக்கம் வெள்ளாடு நிக்குதா, ஆளு நிக்குதான்னும் தெரியாது. உங்க காட்டுல பரணுக்கும் வேலிக்கும் கூப்பிடு தூரந்தானே? மூணு மடங்கு போதும். அகலமாத் தெரியோணும், அதுதான் முக்கியம்."

"அப்ப முன்னாடி கண்ணாடியாவது பெருசா இருக்கட்டும். விடிகாலைல வெளிச்சம் பத்தாது."

"அதுல ஒரு சங்கடம் இருக்குது கண்ணு. முன்கண்ணாடி பெருசானா வளையம் ஒசரமாப் போடோணும். குழல் மேல தூக்கிக்கும். அப்புறம் கன்னம் மெத்தையில படியாது. கன்னம் படியலைன்னா நாடி கேக்காது. நாடி கேக்கலைன்னா பூட்டுத் தொறக்காது." அவன் தாரணியைப் பார்த்தான். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

தாரணி கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக் கொண்டிருந்தாள். "எதுன்னாலும் சரி."

"எங்கம்மாவுக்குப் பேச்சு வராதுங்கண்ணா," என்றாள் அதிரா. "அப்பா போனப்பக்கூட ஒரு சொட்டு அழுவல. அதுக்கு ஏதாவது மெடல் இருந்தா குடுங்க."

லோகநாதன் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக் கொண்டான். நடுவாந்தரமான ஒன்றை எடுத்து வைத்தான். வெயில் பட்டு மினுங்காமல் இருக்க முனைக்கு ஒரு சின்னக் குழலும், பனி படியாமல் இருக்க இரண்டு பக்கமும் ரப்பர் மூடியும், பரணின் கம்பு மேல் ஊன்ற ஒரு கவைக்காலும் சேர்த்தான்.

துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, வளையங்களைப் பூட்டி, குழலை அவற்றில் கிடத்தினான். தாரணியைக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைச் சாய்க்கச் சொன்னான்.

"இப்பத் தொறங்க. வட்டம் முழுசாத் தெரியுதுங்களா?"

"ஓரத்துல கறுப்பா இருக்குது."

குழலைக் கொஞ்சம் முன்னே தள்ளினான். "இப்ப?"

"தெரியுது."

"இதுக்கு மேல கண்ணு கிட்டப் போகக்கூடாதுங்க. சுட்டா பின்னாடி வந்து புருவத்தைக் கிழிச்சிரும். மலையில பாதி ஆம்பளைங்களுக்கு வலது புருவத்துல தழும்பு. கேட்டா பன்னி குத்துனதும்பாங்க." ரசமட்டம் வைத்துக் குறுக்குக்கம்பியை நிமிர்த்தினான். முறுக்குச் சாவியால் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். ஒன்றை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் குழல் நெளிந்துவிடும் என்றான்.

கடைக்குப் பின்னால் மண்மேடு இருந்தது. அதில் காகித அட்டை குத்தியிருந்தார்கள். பூட்டில் இன்னும் எதுவும் பதியாததால் விசை தடுக்கவில்லை. தாரணி சுட்டாள். துளைகள் நடுவுக்குக் கீழே ஒரே இடத்தில் விழுந்தன. லோகநாதன் மேல் திருகைத் திருப்பினான். அடுத்தது நடுவில் விழுந்தது. அவன் துளைகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோட்டுத்திரையைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். குரல் மாறியிருந்தது. "நீங்க சுடறப்பக்கூட இது அசையலிங்க."

அதிரா எட்டிப் பார்த்தாள். கோடு மேசையின் விளிம்பு போல இருந்தது.

கடைசி வேலை அடிக்கோடு பதிவது. ஆளின் ஒரு நிதானத்தைக் கருவிக்கு ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அந்த நிதானத்துக்குத் திரும்பினால்தான் பூட்டுத் திறக்கும். கோடு நேராக இருந்தால் புள்ளி அசையாமல் நிற்கும், குறி தப்பாது. அதனால் மலைக்காரர்கள் தங்கள் வாழ்க்கையின் மிக அமைதியான பொழுதைப் பார்த்துக் கடைக்கு வருவார்கள். மாலை போட்டு மலைக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்கள் உண்டு. பேரன் பிறந்த மறுநாள் வந்தவர்களும் உண்டு. நவநீதன்கூட முன்பு தாரணியை மாரியம்மன் திருவிழா முடிந்த காலையில்தான் கூட்டி வந்திருந்தான். எல்லோரும் செய்வதுதான். யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

"இதையே அடிக்கோடா வெச்சுக்கலாங்களா?" என்றான் லோகநாதன். "இதை விட நல்ல கோடு இந்த சில்லாவுலயே கெடையாது. ஆனா ஒருக்கா பதிஞ்சா மாத்த முடியாதுங்க."

"அம்மா, ஏதாச்சும் சொல்லு."

"வெச்சுக்குங்க," என்றாள் தாரணி.

மலைப் பாதை வளைவுகளில் பேருந்து முனகிக்கொண்டு ஏறியது. அதிரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பல விடியல்களில் பரணில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். பன்றிகள் வந்தன. கண்ணை வைத்த உடனே நீலப்புள்ளி வந்தது. சுட வேண்டும் என்றுதான் தாரணிக்குத் தோன்றவில்லை. பன்றி சோளத்தட்டை மிதித்துச் சாய்த்துக் கதிரைக் கடிப்பதைப் பார்த்துக் கொண்டிருப்பாள்.

"சுடேம்மா! தின்னுட்டிருக்குதில்ல!"

"திங்கட்டும்."

"அப்பறம் எதுக்கு இந்தக் கருமத்தை வாங்குனே?"

நவநீதன் செத்த அன்று தாரணி திறக்காத பூட்டோடு மல்லுக்கட்டிக் கிடந்தாள். இன்று பூட்டுத் திறந்து கிடக்கிறது, தேவைதான் இல்லை.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் தூறல் நின்றிருந்தது. வேலிக்கான மின்கலத்தைப் பார்த்துவிட்டு வருவதாக அதிரா இறங்கிப் போனாள். தாரணி சும்மா கண்ணை வைத்தாள். சோளத்தட்டுகளுக்கு நடுவே அவள் மகளின் மஞ்சள் துண்டு போவது தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் உடம்பில் கோடு போட்ட பன்றிக்குட்டிகள் ஓடின. குட்டிகளுக்குப் பின்னால் தாய்ப்பன்றி.

அதிரா குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

பன்றி பாய்ந்தது. அதிரா விலகிச் சறுக்கி வாய்க்காலில் விழுந்தாள். பன்றி வேகத்தில் தாண்டிப் போய், தட்டுகளை முறித்துக்கொண்டு திரும்பியது. "அம்மா!"

அந்தக் குரலில் தாரணியின் நெஞ்சுக்குள் எதுவோ உடைந்து, சூடாகப் பொங்கியது. இத்தனை மாதமாகச் செத்துக் கிடந்த எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து வந்தன. நவநீதனின் சட்டை, அவன் குரல், பாறையில் கண்ணாடி உடைந்த சத்தம். அவள் மகள். அவளுடைய மகள்.

நீலப்புள்ளி அணைந்தது. விசை கல்லாக நின்றது.

பன்றி தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. அதன் நெஞ்சும் அடித்துக் கொண்டிருந்திருக்கும். அதற்கு எந்தப் பூட்டும் இல்லை. அதிரா எழப் பார்த்தாள், கால் சேற்றில் புதைந்திருந்தது.

தாரணி கண்ணை எடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் மண்மேட்டின் முன் எதுவும் உறைக்காமல் நின்ற அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போக வேண்டும். வழி அவளுக்குத் தெரியும். ஒருமுறை போன வழிதான். மனசுக்குள் அவள் அதிராவைச் சாக விட்டாள். வாய்க்காலில் இருந்து தூக்கினார்கள். வாசலில் கிடத்தினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள், கோடித்துணி போர்த்தினார்கள். சொந்தக்காரிகள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் அழவில்லை. எடுத்துக் கொண்டு போனார்கள். வாசலைக் கழுவினார்கள். கூட்டம் கலைந்தது. மஞ்சள் துண்டு கொடியிலேயே கிடந்து வெளுத்தது. உப்பில்லை என்று சொல்லவும் யாரும் இல்லை. சத்தமே இல்லை.

புள்ளி வந்தது. அசையாமல் நின்றது. பன்றி அதற்குள் வந்தது. விசை வெண்ணெயாக இளகியது.

வெடிச்சத்தம் மலையில் பட்டுத் திரும்பிய பிறகு, அதிரா சேறு வழிய ஏணியில் ஏறி வந்து பக்கவாட்டில் அவளைக் கட்டிக் கொண்டாள். அழுதாள், நடுவில் சிரித்தாள்.

"நீ சுட மாட்டேன்னே நெனச்சேம்மா. என்ன கை உனக்கு! கொஞ்சங்கூட நடுங்கலியே!"

சேற்றின் வாடையும் ஈரத் தலைமுடியின் வாடையும் வந்தன. கழுத்தைச் சுற்றியிருக்கும் கை யாருடையது என்று தாரணிக்குத் தெரியும். அதன் மேல் தன் கையை வைக்க வேண்டும் என்றும் தெரியும். வைத்தாள்.

"அதான் செத்துருச்சில்ல. இன்னும் ஏம்மா அதுலயே கண்ணை வெச்சிருக்கே?"

வட்டத்துக்குள் குட்டிகள் திரும்பி வந்து தாயை முகர்ந்து கொண்டிருந்தன. அவற்றின் மேல் நீலப்புள்ளி சற்றும் அசையாமல் நின்றது.

அது அணைவதற்காக அவள் காத்துக் கொண்டிருந்தாள்.