செல்வி கூப்பிட்டவள்

வீட்டில் கொசுவே இல்லாமல் போனதைத்தான் வெற்றிச்செல்வி முதலில் கவனித்தாள். பெரம்பலூரில், பின்னால் சாக்கடை ஓடும் அந்த மாடி வீட்டில், ஐப்பசி மழைக்குப் பிறகு கொசுக்கடி இல்லாத சாயங்காலமே கிடையாது. இப்போது ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவை மொய்க்கும் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

மேகலா வந்ததிலிருந்துதான் இப்படி.

இருவரும் ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்காரம்மாவிடம் அக்கா தங்கை என்று சொல்லிக் குடிவந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மேகலாவின் அண்ணன் தர்மராஜ் வந்து அவளை வரதராஜன்பேட்டைப் பக்கமிருந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போனான். சில வாரங்கள் கழித்து, அவள் தங்கை நந்தினி மட்டும் யாருக்கும் தெரியாமல் போன் செய்தாள்.

"செல்விக்கா, மேகலாக்கா போயிட்டாக்கா. காய்ச்சல்னு சொல்றாங்க. கல்யாணமாகாத பொண்ணுன்னு பொதைக்கப் போறாங்க. நீங்க வந்துடாதீங்க, அண்ணன் வெட்டிப்புடும்."

வெற்றிச்செல்வி போனாள். முந்திரித் தோப்புக்குள் மறைந்து நின்று, குழியில் மண் விழுவதைப் பார்த்தாள்.

அதனால், அடுத்த மழை நாளின் சாயங்காலம் கதவைத் திறந்தபோது, எதிரில் நிற்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். கூந்தல் முழுக்கச் செம்மண். காலில் செருப்பில்லை.

"உள்ள கூப்புடேன் செல்வி. நீ கூப்புடாம வர முடியல."

தெரிந்தேதான் வெற்றிச்செல்வி சொன்னாள்.

"வாடி."

மேகலா சோற்றைத் தொடவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எப்போதும் போல வெற்றிச்செல்வியின் கழுத்தில் முகம் புதைத்தாள். மட்கிய இலையின் வாசனை, ஈரத்துணி போன்ற குளிர்ச்சி, அதற்கடியில் பழைய மேகலாவின் மூச்சு. முத்தம் என்றுதான் வெற்றிச்செல்வி முதலில் நினைத்தாள். ஊசி ஏறுவதுபோல் ஒரு வலி. அதன் பின் சுகமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கடைக்குப் போவது நின்றது. ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை என்று திட்டி மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் மேகலா அழுதாள். "போதும்னுதான்டி நெனைக்கிறேன். முடியல."

ஒரு நண்பகல், அவள் பரணுக்கடியில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கையில், வெற்றிச்செல்வி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். வெயில் காலில் பட்டது. பஸ் ஹார்ன் கேட்டது. பின்னாலிருந்து மேகலா தூக்கத்தில் அவள் பெயரைச் சொன்னாள்.

வெற்றிச்செல்வி கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"ஒன்கிட்ட இனிமே கொஞ்சந்தான் இருக்கு," என்றாள் மேகலா, அவள் நெற்றியைத் தடவியபடி. "நீ செத்துட்டா நான் என்னடி பண்ணுவேன்? ஒன் போன்லேருந்து நந்தினிக்கு மெசேஜ் போட்டேன். ஒனக்கு ஒடம்பு முடியலன்னு."

வெற்றிச்செல்வி எழப் பார்த்தாள். விரல்கூட அசையவில்லை.

இருட்டத் தொடங்கியபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். மெதுவாக. நெருங்கி.

"செல்விக்கா?"

தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நந்தினி வந்தாள். "என்னக்கா இது, இப்படி ஆயிட்டீங்க?"

போ. உதடுதான் அசைந்தது. போடி. சத்தம் வரவில்லை.

நந்தினிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அவள் திரும்பினாள். பாட்டில் விழுந்து உடைந்தது.

கத்து. ஓடு. வெற்றிச்செல்வி மனசுக்குள் கெஞ்சினாள்.

நந்தினி ஓடினாள். "அக்கா! வந்துட்டியாக்கா!" என்று விம்மிக்கொண்டே போய், மேகலாவை இறுகக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகம் புதைத்தாள்.

மேகலாவும் அழுதாள். அழுதுகொண்டே, தங்கையின் தோளுக்கு மேல் வெற்றிச்செல்வியையே பார்த்தபடி, நந்தினியின் பின்னலைக் கழுத்திலிருந்து பதமாக ஒதுக்கினாள்.